பாபிலோனிய வில்லோ: ஒரு பெயரின் வரலாறும் ஒரு மரத்தின் பயணமும்

நீர்க்கரையில் நின்று, நிலந்தொடுமளவுக்குக் கிளைகளைத் தொங்கவிடும் வில்லோ மரத்துக்குச் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் கார்ல் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் 'சாலிக்சு பபிலோனிக்கா' எனப் பெயரிட்டார். சாலிக்சு என்பது வில்லோச் சாதியைக் குறிக்கும் பழைய இலத்தீன் சொல். பபிலோனிக்கா என்பது பாபிலோனுக்குரியது எனப் பொருள்படும். ஆயின் இம்மரம் பாபிலோனுக்குரியதன்று. அதன் தாயகம் சீன தேசம். யூப்பிரத்தீசு நதிக்கரையில் இயற்கையாக வளராத ஒரு மரம் அந்நதிக்கரை நகரின் பெயரைத் தாங்கி நிற்பது எவ்வாறு என்பதும், அப்பெயர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது ஏன் என்பதும் ஆராயத்தக்க வினாக்களாகும். இவற்றுக்கு விடை காண்பதற்குத் தாவரவியல் நூல்கள் மாத்திரம் போதா. வேதநூல் மொழிபெயர்ப்பு, வணிகப் பாதை, உழவர் வழக்கம், ஒரு பேரரசனின் கல்லறை ஆகிய பலவற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

விவிலியத்தின் 137ஆம் சங்கீதம் பாபிலோனுக்குச் சிறைகொண்டு செல்லப்பட்ட யூதர்களின் துயரைக் கூறுவது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்தபின் அந்நியநாட்டு ஆறுகளின் அருகே அமர்ந்து அழுத அம்மக்கள், தம் யாழ்களை ஆங்கு நின்ற மரங்களில் தூக்கிவிட்டனர் என்பது அதன் செய்தி. மரத்தைக் குறிக்க எபிரேய மூலத்தில் வரும் சொல் 'அரபீம்' என்பதாகும். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் இதனை வில்லோவைக் குறிக்கும் தம் சொல்லால் பெயர்த்தனர். இலத்தீன் மொழிபெயர்ப்பிலே அது 'சாலிக்சு' ஆயிற்று. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியமும் வில்லோ என்றே கொண்டது. மொழிபெயர்ப்பாளர் எவரும் யூப்பிரத்தீசுக் கரைக்குச் சென்று மரம் பார்த்து எழுதினாரல்லர். தம் நாட்டு நீர்க்கரையில் தமக்குப் பழக்கமான மரம் எதுவோ அதன் பெயரை இட்டனர். இதனைக் குற்றமெனக் கொள்ளுதற்கில்லை. மொழிபெயர்ப்பின் இயல்பே அதுவாகும்.

தமிழ் விவிலியத்திலும் இதே இயல்பைக் காணலாம். தமிழர் நிலத்து நீரோரங்களில் வில்லோ அறியப்பட்ட மரமன்று. ஆகவே தமிழ்ப் புரட்டஸ்தாந்தரிடையே நெடுங்காலம் வழங்கிவரும் மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் அலரி என்னும் சொல்லை ஆள்கின்றது. லேவியராகமத்திலே கூடாரத் திருவிழாவுக்கு வேண்டிய கிளைகளைக் கூறுமிடத்தும் 'ஆற்றலரி' என வருகின்றது. நீண்டு ஒடுங்கிய இலையும் நீரை விரும்பும் தன்மையும் அலரிக்கும் உண்டாதலால் இச்சொல் தெரிவுசெய்யப்பட்டது எனக் கருத இடமுண்டு. அலரி என்னும் சொல்லுக்குத்தான் எத்தனை மரங்கள்! பூசைக்குப் பறிக்கும் செவ்வலரி ஒன்று. கொழும்பிலுள்ள பிரதமரின் வாசத்தலத்தை நாம் அலரி மாளிகை என அழைக்கும்போது கருதப்படும் 'அரலிய' மரம் அதனின் வேறான மற்றொன்று. பாபிலோனில் யாழ் தூக்கிய மரம் மூன்றாவது. ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான மூன்று தாவரங்கள் குடியிருக்கின்றன. லின்னேயசுக்கு நேர்ந்தது இத்தகையதொரு தடுமாற்றமே. அவர் அதனை அறிவியற் பெயராக்கிவிட்டார் என்பதே வேறுபாடு.

அவ்வாறாயின் யூப்பிரத்தீசுக் கரையில் நின்ற மரம் யாது? தாவர வரலாற்றறிஞர் பலர் அதனைப் பொப்பிலர் சாதியைச் சேர்ந்த யூப்பிரத்தீசுப் பொப்பிலர் எனக் கொள்கின்றனர். அரபு மொழியில் அதற்கு வழங்கும் 'கரப்' என்னும் பெயர் எபிரேயச் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. உவர்நிலத்தையும் கடும் வெயிலையும் தாங்கி ஆற்றோரங்களில் காடாக வளரும் இம்மரத்தின் இலைகள் ஒரே மரத்தில் இரு வடிவில் காணப்படுவது வியப்புக்குரியது. இளமரத்திலும் புதுத்தளிரிலும் இலை வில்லோவின் இலை போல நீண்டு ஒடுங்கியிருக்கும். முதிர்ந்த கிளைகளிலோ அகன்று, சாய்சதுரம் போன்று, விளிம்பிற் பற்களுடன் தோன்றும். இளமரத்தை மட்டும் கண்டவர் வில்லோ என்றே சாதிப்பர். இலையை விடுத்து மொட்டை நோக்கினால் ஐயம் நீங்கும். வில்லோவின் மொட்டு ஒரேயொரு செதிலால் குல்லாய் அணிந்தாற்போல மூடப்பட்டிருக்கும்; பொப்பிலரின் மொட்டிலே செதில்கள் பல ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பூந்துணரிலும் வேறுபாடு உண்டு. பொப்பிலரின் துணர் தளர்ந்து தொங்கிக் காற்றால் மகரந்தம் பரப்புவது. வில்லோவின் துணரோ பெரும்பாலும் நிமிர்ந்து, தேன் சுரந்து, தேனீக்களை அழைப்பது.

இம்மரங்களை வேறுபடுத்தி அறிவதிலுள்ள இடர்ப்பாடு லின்னேயசுக்குப் பன்னெடுங்காலம் முன்னரே உணரப்பட்டிருந்தது. கூடாரத் திருவிழாவில் வில்லோக் கிளையைக் கையிலேந்துதல் யூதர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை. தவறான மரத்தின் கிளையைப் பிடித்தால் கடமை நிறைவேறாது. ஆகவே தல்மூது நூலில் ரபீமார் இலக்கணம் வகுத்தனர்: செந்நிறத் தண்டும் நீண்ட இலையும் மழுங்கிய விளிம்பும் உடையது ஏற்புடைய 'அரவா'; வெண்ணிறத் தண்டும் உருண்ட இலையும் அரிவாள் போன்ற விளிம்பும் உடையது ஏற்கத்தகாத 'சப்சபா'. இதனினும் சுவையான செய்தி ஒன்று அந்நூலிலேயே உண்டு. எருசலேம் ஆலயம் அழிந்தபின் சில பொருள்களின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிவிட்டன என ரபீ இசுதா கூறுகின்றார். அவற்றுள் வில்லோவின் இரு பெயர்களும் அடங்கும். முன்னர் ஒன்றுக்கு வழங்கிய பெயர் பின்னர் மற்றதற்கு வழங்கலாயிற்றாம். ஒரு மக்கட் கூட்டம் இடம்பெயரும்போது பெயர்களும் இடம்பெயர்கின்றன என்பதை அந்தச் சமய அறிஞர் தெளிவாகக் கண்டிருந்தார். மரத்தைப் பெயரால் அறியாது தண்டாலும் இலையாலும் அறிக என்பதே அவர்கள் வகுத்த நெறி. பின்வந்த அறிவியலாளர் இந்நெறியை எப்போதும் பின்பற்றவில்லை.

பிரெஞ்சுத் தாவரவியலறிஞர் தூர்னபோர் 1700 தொடக்கம் 1702 வரை கிரேக்கத் தீவுகளிலும் துருக்கியிலும் பயணஞ்செய்து, 1703இல் வெளியிட்ட தம் நூலில் இத்தொங்கும் வில்லோவைக் குறித்தார். அவர் இட்ட நீண்ட பெயரின் பொருள், அழகாகக் கீழ்நோக்கித் தொங்கும் மிலாறுகளையுடைய கீழ்த்திசை வில்லோ என்பதாகும். இது பெயரன்று, வருணனை. ஆயின் அதில் பிழை இல்லை; மரம் கீழ்த்திசையிலிருந்தே வந்தது. லின்னேயசு தம் இளமையில் ஒல்லாந்திலே ஜோர்ஜ் கிளிபோர்ட் என்னும் செல்வரின் தோட்டத்திலிருந்த தாவரங்களை ஆராய்ந்து விவரித்தார். இவ்வில்லோவையும் அவர் அங்கே கண்டார். பின்னர் இருசொற்பெயரிடும் முறையை நிறுவியபோது தூர்னபோரின் வருணனையைக் கீழே மேற்கோளாக வைத்துவிட்டு, மேலே பபிலோனிக்கா என எழுதினார். சங்கீதத்தின் நினைவே இப்பெயருக்குக் காரணம் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. போதகர் ஒருவரின் மைந்தரான அவருக்குச் சங்கீதம் நினைவில் எழுந்தது இயல்பே. துயருற்றோர் யாழ் தூக்கிய மரம் என்றதும், தலைவிரித்து அழுவது போன்ற இம்மரத்தை விட வேறெதுவும் அதற்குப் பொருந்துவதாகத் தோன்றியிராது. மரத்தின் உருவமே பிழைக்குத் துணைநின்றது எனலாம்.

உண்மையான பாபிலோன் மரத்துக்கு அறிவியற் பெயர் கிடைக்க மேலும் 54 ஆண்டுகள் சென்றன. ஒட்டோமன் பேரரசில் பயணஞ்செய்த பிரெஞ்சு அறிஞர் ஒலிவியே 1807இல் யூப்பிரத்தீசுப் பொப்பிலரை விவரித்துப் பெயரிட்டார். பிழை வெளிப்பட்டபின்னும் பபிலோனிக்கா மாற்றப்படவில்லை, மாற்றவும் இயலாது. 1753ஆம் ஆண்டு நூலையே பெயரிடலின் தொடக்கமாகக் கொள்வதெனத் தாவரவியலாளர் 1905இல் வியன்னாவிற் கூடி முடிவு செய்தனர். முந்திய பெயரே செல்லும். பெயரின் பொருள் பொய்யென்பது அதனை நீக்கக் காரணமாகாது. அறிவியலில் ஒழுங்கின் பொருட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதன் பயனாகப் பிழையொன்று சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது.

சீனாவிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை இம்மரம் வந்து சேர்ந்த வகையை விளங்கிக்கொள்ள, வில்லோ நடப்படும் முறையை அறிதல் வேண்டும். வில்லோ ஈரில்லமுள்ள தாவரம். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. அதன் விதை பஞ்சிழை சூழ்ந்த நுண்ணிய பொருள். சில நாட்களுள், மிஞ்சினால் சில வாரங்களுள், ஈரமண்ணில் விழாவிடின் உயிர் இழந்துவிடும். ஆதலால் நெடுந்தூரம் விதையாகச் செல்லுதல் அதற்கு இயலாது. ஆனால் கிளையொன்றை வெட்டி ஈரநிலத்தில் ஊன்றினால் வேர்விடும். வேருக்கான முளைகள் தண்டினுள்ளே முன்னரே அமைந்திருக்கின்றன. யாழ்ப்பாணத்து வேலிகளிற் கிளுவையும் பூவரசும் கதியாலாக ஊன்றப்படுவதை அறிந்தோர்க்கு இது புதிதன்று. கதியால் தாய்மரத்தின் படியேயாகும். ஆண்மரத்துக் கதியால் ஆண்மரமாகும்; பெண்மரத்தது பெண்ணாகும். எத்தனை நூற்றாண்டு, எத்தனை நாடு கடந்தாலும் அது அதே மரந்தான்.

இந்நடுகை முறையைச் சீனர் நுணுக்கமாக அறிந்திருந்தனர். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜியா சிசியே என்பவர் எழுதிய 'சீமின் யாவோ சூ' என்னும் வேளாண்மை நூல் வில்லோவுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளது. ஆண்டின் முதலிரு மாதங்களில் கைப்பருமனான கிளையை ஒன்றரைச் சீன அடி நீளத்துக்கு வெட்டி, அடிமுனையில் இரண்டு மூன்று அங்குலத்தைத் தீயிற் கருக்கி, முழுதும் மறையப் புதைத்து, தவறாது நீரூற்றுக என்கின்றார் அவர். முளைகள் பல எழும். செழித்த ஒன்றை நிறுத்தி ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. அருகே தூண் நாட்டி அதிற் கட்டுக என்பதும் அவர் அறிவுரை. கவிஞருக்கோ வில்லோ பிரிவின் சின்னம். சீன மொழியில் வில்லோவைக் குறிக்கும் சொல் 'தங்கு' என்னும் பொருள்தரும் சொல்லோடு ஒலியால் நெருங்கியது. ஆதலின் தலைநகரான சாங்கானுக்குக் கிழக்கேயுள்ள பா பாலம் வரை சென்று வழியனுப்பியோர் வில்லோக் கிளை ஒடித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வாடாது கையிற் கொண்டுசெல்லத்தக்க கிளை அது. போனவிடத்தில் ஊன்றினால் தழைக்கும்.

உரோமரும் வில்லோவை நட்டனர். ஆனால் கண்ணீருக்காகவன்று, கூடைக்காகவும் கொடிமுந்திரியைக் கட்டுவதற்காகவுமே. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான கேட்டோ பண்ணை நிலங்களைத் தரப்படுத்துமிடத்து முந்திரித் தோட்டத்தை முதலிலும், நீர்பாயும் காய்கறித் தோட்டத்தை இரண்டாவதாகவும், வில்லோத் தோட்டத்தை மூன்றாவதாகவும் வைக்கின்றார். ஒலிவம் நான்காமிடம், தானிய வயலோ ஆறாமிடம். கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய கொலுமெல்லா, கிரேக்க வில்லோ மஞ்சள் நிறத்தது, கோல் நாட்டு வில்லோ மங்கிய ஊதா நிறத்தது, அமேரிய வில்லோ மெல்லிய செங்கோலுடையது என வகைப்படுத்துவார். ரபீமாரைப் போன்றே உழவரும் தண்டின் நிறத்தை முதலில் நோக்கினர் என்பது கருதத்தக்கது.

தொங்கும் வில்லோ 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தை அடைந்தபோது அதனுடன் இருவேறு கதைகள் சென்றன. புலவர் அலெக்சாந்தர் போப், வெளிநாட்டுப் பொதியொன்றைச் சுற்றியிருந்த மிலாறு உயிரோடிருப்பதைக் கண்டு அதனைத் துவிக்கன்காமிலுள்ள தம் தோட்டத்தில் ஊன்றினார் என்பது ஒன்று. இது பரவலாகப் பேசப்பட்டது. புலவரின் பெயர் அதற்குத் துணை. மற்றையது தோட்டக்கலை ஆர்வலரான பீற்றர் கொலின்சன் எழுதி வைத்த குறிப்பு. அலெப்போவில் வணிகஞ்செய்த வேர்ணன் என்பவர் யூப்பிரத்தீசு நதியிலிருந்து இம்மரத்தைக் கொணர்ந்து துவிக்கன்காம் பார்க்கில் நட்டார் என்றும், 1748இல் தாம் அதனை ஆங்குக் கண்டதாகவும், நாட்டுத் தோட்டங்களிலுள்ள தொங்கும் வில்லோக்கள் யாவும் அதன் வழிவந்தவையே என்றும் கொலின்சன் கூறுகின்றார். கண்டவர் எழுதியதாகலின் இரண்டாவதே வலுவுடையது. ஆயின் 'யூப்பிரத்தீசு நதியிலிருந்து' என்னும் தொடரை அவ்வாறே ஏற்றுக்கொள்ளலாமா? சீனாவிலிருந்து வணிகப் பாதை வழியே மேற்காசியத் தோட்டங்களுக்கு வந்து நிலைபெற்ற மரத்தின் கதியாலையே வேர்ணன் பெற்றிருத்தல் வேண்டும். கதியாலுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. கொணர்ந்தவன் சொன்னதே அதன் வரலாறாகின்றது.

இவ்வுண்மையை வேறெவ்விடத்தையும் விடத் தெளிவாகக் காட்டுவது சென் எலனாத் தீவு. அங்குச் சிறைவைக்கப்பட்ட நெப்போலியன் 1821 மே 5இல் இறந்து, தான் விரும்பி நீரருந்திய ஊற்றின் அருகே வில்லோ நிழலில் அடக்கஞ் செய்யப்பட்டான். 1808 முதல் 1813 வரை ஆளுநராயிருந்த பீற்சன் பிரித்தானியாவிலிருந்து தருவித்த மரங்களின் வழிவந்தவை அவ்வில்லோக்கள் என 19ஆம் நூற்றாண்டின் மர நூலாசிரியர் லவுடன் எழுதினார். கல்லறைமேல் 'நெப்போலியன்' என்று மட்டும் பொறிக்கப் பிரெஞ்சுக்காரர் விரும்ப, 'பொனபாட்' என்பதும் சேரவேண்டுமென ஆளுநர் அட்சன் லோ வற்புறுத்த, இறுதியில் எதுவும் பொறிக்கப்படாமலே கல் மூடப்பட்டது. பெயரற்ற கல்லறையின் அருகே நின்ற மரமோ நெப்போலியன் வில்லோ என உலகெங்கும் பெயர் பெற்றது. கப்பலில் வந்தோர் கிளைகளை ஒடித்துச் சென்றனர். நாற்றுப்பண்ணையாளர் அப்பெயரில் விற்றனர். 1840இல் உடல் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின்னும் கிளைப் பயணம் நிற்கவில்லை. நியூசிலாந்தின் அக்கரோவாவிலுள்ள வில்லோக்கள், பிரெஞ்சுக் குடியேறியான லெலியெவ்ர் அக்கல்லறையிலிருந்து கொணர்ந்தவற்றின் வழிவந்தன என்பது அவ்வூர் மரபு. இருபது ஆண்டுகளுக்கு முன் பேரரசன் நிழலுக்கு அமர்ந்த மரம், அதற்குமுன் பிரித்தானியத் தோட்டத்து மரம், அதற்குமுன் அலெப்போ மரம், எல்லாவற்றுக்கும் முன் சீன மரம்! ஒவ்வொரு துறைமுகத்திலும் பழைய கதை உதிர்ந்து புதியது ஒட்டிக்கொண்டது.

கதைகளை விலக்கி மரத்தையே ஆராய முற்பட்டோர்க்கும் வில்லோ எளிதில் இடங்கொடுக்கவில்லை. இச்சாதியின் இனங்களைப் பிரித்தறிதல் மிகக் கடினம் என லின்னேயசே ஒப்புக்கொண்டிருந்தார். கேசரங்களை எண்ணும் அவரது முறை ஓரளவு உதவிற்று. மூன்று கேசரமுடையது 'திரியாந்திரா', ஐந்துடையது 'பென்ராந்திரா' எனப் பெயர்களும் அவ்வாறே அமைந்தன. ஆயின் பெண்மரத்திற் கேசரம் ஏது? அன்றியும் பல வில்லோக்கள் இலை விரியுமுன்னரே பூத்து ஓய்ந்துவிடும். பூவுடன் பறித்த மாதிரியில் இலை இராது. இலையுடன் பறித்ததிற் பூ இராது. இரண்டும் ஒரே மரத்தினவா என்பது தாளில் ஒட்டிய மாதிரியைக் கொண்டு அறியவொண்ணாதது. 1784இல் லின்னேயசின் சேகரிப்பை விலைகொடுத்து வாங்கிய ஜேம்சு எட்வர்ட் சிமித்து இதனை நன்குணர்ந்தார். நோரிச்சு நகரருகே ஜேம்சு குரோ என்பவர் வில்லோக்களை நட்டு வளர்த்த தோட்டத்தில், ஒரே மரத்தைப் பருவந்தோறும் சென்று பார்த்தே அவர் தம் முடிவுகளை எழுதினார். நம் துடுப்பாட்ட வீரரின் கையிலுள்ள துடுப்புக்குரிய நீல வில்லோவை 1812இல் தனி இனமாகப் பிரித்தவரும் அவரே. இன்று அது வெள்ளை வில்லோவின் ஒரு பேதமாகக் கொள்ளப்படுகின்றது. பெட்போட் கோமகனின் வோபேண் தோட்டத்திலே திரட்டி வளர்க்கப்பட்ட வில்லோக்களை ஜேம்சு போப்சு 1829இல் நூற்றுக்கு மேற்பட்ட படங்களுடன் நூலாக்கினார். வில்லோவைப் பொறுத்தமட்டில் வளர்த்தலே இனங்காணுதற்குரிய வழியாயிற்று.

பிரெசுலாவு நகரத்து மக்சு விக்குரா 1865இல் வெளியிட்ட ஆய்வு இம்முயற்சியை ஒரு படி மேலே கொண்டுசென்றது. வில்லோ இனங்களைத் தம் கையாலேயே கலந்து விதை பெற்று வளர்த்து, புத்தகங்களிலே தனி இனங்களெனக் கணிக்கப்பட்ட பல உண்மையிற் கலப்பினங்களே என அவர் காட்டினார். பபிலோனிக்காவுக்கும் இது பொருந்தும். ஐரோப்பாவுக்கு வந்த தொங்கும் வில்லோக்கள் பெரும்பாலும் பெண்மரங்கள். தம்மினத்து ஆண்மரம் அருகில் இன்மையால் உள்நாட்டு வெள்ளை வில்லோவோடும் முறி வில்லோவோடும் கலந்தன. தாய்மரம் கடுங்குளிருக்கு ஆற்றாதது, பிள்ளைகளோ ஆற்றின. 1888 அளவில் பேர்லினிலிருந்து பரவிய பொன்னிற மிலாறுகளையுடைய தொங்கும் வில்லோ இக்கலப்பின் வழிவந்ததே. 1890இல் இக்கலப்பினத்துக்குச் சிமொன்காய் இட்ட 'செபுல்கிராலிசு' என்னும் பெயர், கல்லறைக்குரியது எனப் பொருள்படும். இன்று ஐரோப்பியப் பூங்காக்களிற் பபிலோனிக்கா என எழுதிய பலகைகளின் பின்னால் நிற்பவை பெரும்பாலும் இக்கலப்பினங்களே. தாயகத்து ஆய்வுகளும் ஒரு திருத்தத்தை வேண்டுகின்றன. தொங்குதல் இவ்வினத்தின் பொதுவியல்பன்று எனவும், தோட்டக்காரர் தெரிந்தெடுத்துக் கதியாலாற் காத்துவந்த பண்பு எனவும் கொள்ளும் அறிஞர் உளர். அவ்வாறாயின் லின்னேயசைக் கவர்ந்த அந்த அழுகைக் கோலமும் மனிதன் ஆக்கியதே.

இனங்காணல் நூலகத்து வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்கவென நடப்பட்ட வில்லோக்கள், முறிந்த கிளைகள் நீரோடு சென்று ஒதுங்கிய இடமெல்லாம் வேர்விட்டன. நியூசிலாந்தில் முறி வில்லோ பெரும்பாலும் ஆண்மரமாகவே இருந்தும் விதையின்றியே ஆறுகளை அடைத்தது. 1999இல் அவுஸ்திரேலியா வில்லோச் சாதியைத் தேசிய முக்கியத்துவமுள்ள களைகளுள் ஒன்றாக அறிவித்து, மூன்று வில்லோக்களுக்கு மாத்திரம் விலக்களித்தது. அவற்றுள் ஒன்று பபிலோனிக்கா. ஆகவே ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மரத்தை வெட்டுவதா விடுவதா என்பது அது பபிலோனிக்காவா, அதன் கலப்பினமா என்பதைப் பொறுத்தது. தொங்கும் கிளை இரண்டிற்கும் உண்டு. ஒடுங்கிய இலையும் உண்டு. முடிவு செய்யப் பூந்துணரை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்தல் வேண்டும். பூக்குங்காலமோ ஆண்டிற் சில வாரங்களே.